ஹாப்சன் துரையின் இங்கிலீஷ்

1956 ஜனவரி 11
பெங்களூர் தொழிற்சாலை நேர்காணலில் மூன்று பேருமே சிரித்துவிட்டார்கள். எனக்கு நற்சான்று கொடுத்தவரைப் பற்றிச் சொல்லும்போது 'தி மேன் வாட் கேவ்' என்றேனாம். 'ஹூ' வரவேண்டிய இடமாம். லண்டனில் மூட்டை தூக்குகிறவன்கூட இப்படித்தான் பேசுவான் என்றார் நடுவில் இருந்தவர். மார்ச்சில் இன்னொரு தடவை கூப்பிடுவார்கள். அதற்குள் பேச்சைத் திருத்திக்கொள்ள வேண்டுமாம். ஓசூர் திரும்பும் பஸ்ஸில் 'ஹூ', 'ஹூ' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 13
என் மனைவி முனிலட்சுமி இன்னும் கல்லாவியில் அவள் அப்பா வீட்டிலேயே இருக்கிறாள். மாமனார் தீர்த்துச் சொல்லிவிட்டார்: "சம்பளக்காரனா வந்து பொண்டாட்டிய கூட்டிக்கினு போ. அதுவரைக்கும் இங்க கால் வெக்காத." மார்ச்சும் போய்விட்டால்? நினைக்கவே முடியவில்லை.

ஜனவரி 20
யாரைத் திட்டுவது? அம்மா ஹாப்சன் துரை வீட்டில் சமைத்தாள். அந்த அடுப்படியில் தவழ்ந்த நாளிலிருந்து என் காதில் விழுந்த இங்கிலீஷ் அவருடையதுதான். வெள்ளைக்காரர் பேசுவது பரீட்சைக்கு உதவாது என்று ஓசூரில் யாருக்குத் தோன்றும்? மனுஷர் பட்டாளத்துக் குதிரைகளுக்கு லாடம் அடித்தவர். தோல் வெளுப்பு, அதனால் ஊரே துரை என்றது. இங்கிலாந்தில் அவர் பிறந்த பக்கத்தில் எல்லாருக்கும் அதுதான் பேச்சாம். 'ஹூ' வரவேண்டிய இடத்தில் ஒரு சமயம் 'வாட்' வரும், ஒரு சமயம் 'ஆஸ்' வரும். 'தேர்ஸ் எ மேன் வாண்ட்ஸ் யூ' என்று நடுவில் ஒன்றுமே போடாமலும் சொல்வார். நான் மூன்றையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 2
இலக்கணப் புத்தகம் மனப்பாடம். வாயைத் திறந்தால் பழையதுதான் வருகிறது. நமக்கு 'வந்த ஆள்' என்றால் தீர்ந்தது. கன்னடத்திலும் அப்படியே, தெலுங்கிலும் அப்படியே. ஆளுக்கும் வந்ததுக்கும் நடுவில் ஒரு வார்த்தை எதற்கு? அந்த ஒன்றிலா என் குடும்பம் தொங்க வேண்டும்?

பிப்ரவரி 3
பைத்தியம் பிடித்துவிடும்போல இருக்கிறது.

பிப்ரவரி 19
இன்று நான் செய்தது — எழுதவே கை வரவில்லை.
துரை தன் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர்த் துணி வெளுத்துப் பிள்ளைகளை வளர்த்தவளாம். 'மை மதர், ஆஸ் டுக் இன் வாஷிங்' என்று ஆரம்பித்தார். 'ஹூ' என்றேன். புரியாமல் மறுபடியும் அப்படியே சொன்னார். நானும் விடாமல் 'ஹூ' என்றேன். அப்புறம் என்ன பேய் பிடித்ததோ, உங்கள் பேச்சைக் கேட்டு ஊர் சிரிக்கிறது, என் பொண்டாட்டி போனதே உங்களால்தான் என்று கத்தினேன். இங்கிலீஷில்தான் கத்தினேன். அதிலும் ஒரு 'வாட்' வந்து தொலைத்தது.
அவர் டீயைக் கீழே வைத்தார். "அது எங்கம்மா பேச்சு," என்று மட்டும் இங்கிலீஷில் சொன்னார்.

பிப்ரவரி 24
போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று கையை அசைத்தார். ஏதோ சொல்ல ஆரம்பித்தவர், 'ஹூ' வரவேண்டிய இடம் வந்ததும் நின்று என் முகத்தைப் பார்த்தார். எது சரி என்று தேடினார். கடைசியில் சொல்ல வந்ததையே விட்டுவிட்டார். ஓசூரில் அவரோடு இங்கிலீஷ் பேச என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? அடப்பாவி, என்ன காரியம் செய்தாய்?

மார்ச் 7
மறுபடியும் பெங்களூர். ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. இங்கிலீஷ் யாரிடம் கற்றாய் என்று கேட்டார்கள். புத்தகத்தில் என்றேன்.

மார்ச் 21
வேலை கிடைத்துவிட்டது. ஸ்டோர் குமாஸ்தா.

மார்ச் 29
மாமனாரே முனிலட்சுமியைக் கொண்டுவந்து விட்டார். சாயங்காலம் அவளைத் துரை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வேலை கிடைத்த சேதியை வேண்டுமென்றே அவர் பேச்சிலேயே சொன்னேன், 'வாட்' போட்டு. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முனிலட்சுமியைப் பார்த்துச் சிரித்தார், நாற்காலியை இழுத்துப்போட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, பால்காரனிடமும் சந்தைக்காரர்களிடமும் மட்டும் பேசுகிற கன்னடத்தில், சாப்பிட்டாயா என்று கேட்டார். "ஊட்டா ஆய்த்தா?"
ஆயிற்று என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன்.