கடையில்லாதவளின் நிழல்வரி குறித்து உப்பந்துறைக்கு விடுத்த ஓலை

மங்கலம் நிலைக்க. மழை பொய்யாத் தாழைநாடு புரக்கும் கோப்பெருந்தேவியாரின் பெருமந்திரி கீரஞ்சாத்தனார், உப்பந்துறைச் சுங்கநாயகர் அழிசியாருக்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் கலங்கள் குறைவின்றி அணைக. உம் அளவுகோல் வளையாதிருக்க. பெருமந்திரியார் சொல்லச் சொல்ல எழுதுபவன் ஓலைநாயகன் பிட்டன்.

உம் ஓலை வந்தது. பெருமந்திரியார் அதைப் புரட்டிப் புரட்டிப் படித்தும் தலைகால் புரியாமல் இருக்கிறார். உச்சிப்பொழுதில் கடைப்பந்தல் விழுத்தும் நிழலைக் கோலால் அளந்து வணிகரிடம் வரி கொள்வது நம் நாட்டு வழக்கம். பந்தல் பெரிதானால் வரியும் பெரிது. இதுவரை எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. உம் ஊர் எண்ணெய் வணிகத்தி சேந்திக்கோ கடையுமில்லை, பந்தலுமில்லை. தன் கூட்டில் பிறந்த புறாக்களை ஊர்தோறும் வாங்குவோரிடம் விட்டுவைக்கிறாள். எண்ணெய் வேண்டுவோர் புறாவின் காலில் ஓலைநறுக்குக் கட்டிப் பறக்கவிட, அது அவள் கூட்டை அடைகிறது. எண்ணெய் உப்புவண்டியில் போகிறது. நீரோ முதலில் அவள் வீட்டுக் கூரைவிளிம்பான இறவாணத்தின் நிழலை அளந்தீர். பிறகு கூட்டின் நிழலை அளந்தீர். பிறகு பறக்கும் புறாவின் நிழலை அளக்க ஆட்களைக் கோலோடு வயலில் ஓடவிட்டு, ஒருவன் வாய்க்காலில் விழுந்ததையும் எழுதியிருக்கிறீர். முடிவில், அளக்க முடியாதவள் வரி ஏய்ப்பவளே என்று கூட்டைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டீர்.

விற்பனை நடந்த இடம் எது? புறா கிளம்பிய ஊரா, இறங்கிய ஊரா, எண்ணெய் கைமாறிய ஊரா? கருவூலம் காக்கும் பண்டாரத்தாரைக் கேட்டதற்கு வாங்கியவர் ஊரே என்றனர். வண்டிச்சுங்கத்தாரைக் கேட்டதற்கு விற்றவள் ஊரே என்றனர். இருசாராரையும் ஒன்றாக அமர்த்தியபோது, இரண்டு ஊரும் வாங்கிக்கொள்ளட்டும் என்று மிக எளிதில் ஒத்துப்போயினர். பெருமந்திரியார் தலையைப் பிடித்துக்கொண்டார். எழுதுகின்ற பிட்டனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

இந்நிலையில் சேந்தி கால்நடையாகத் தலைநகர் வந்து விண்ணப்பித்தாள். வரி தரமாட்டேன் என்று தான் ஒருநாளும் சொன்னதில்லை என்றும், அங்காடி அவையார் கடை போட்டுவிட்டு வா என்றனர் என்றும், சுங்கச்சாவடியார் அங்காடி அவையின் முத்திரை கொண்டுவா என்றனர் என்றும், எவரேனும் இன்னது என்று சொன்னால் அன்றே செலுத்துவதாகவும் கூறினாள். திரும்பும் புறாக்கள் பூட்டிய கூட்டின்மேல் பட்டினியாக அமர்ந்திருக்கின்றன, சிலவற்றைப் பருந்து கொண்டுபோயிற்று, அவற்றுக்கு வேறு வீடு தெரியாது என்றும் சொன்னாள். பெருமந்திரியார் மனம் நொந்தார்.

பின்பு அரண்மனை சென்று, தேவியாரின் ஒப்புதல் பெற்று உரைத்ததாவது: இன்னது கொடு என்று தெளிவாகச் சொல்ல இயலாத அரசு, கொடுக்கவில்லை என்று ஒருத்தியைத் தண்டிப்பது முறையன்று. அவள் கூட்டின் முத்திரையை நீக்கித் திறந்துவிடுக. பேரவை கூடி விதி வகுக்கும்வரை சேந்தியின் பெயர் வணிகர் வரிசையில் நீங்காதிருக்க. விதி வகுத்தபின் அதை அவளுக்கு விளங்கும்படி சொல்லிய பிறகே வரி கேட்க. அதுவரை எந்த நிழலையும் துரத்த வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதச் சொன்னார். பெருமந்திரியாரின் முழங்கால் மடங்குவது சேந்தியின் எண்ணெயால்தான். அவர் மாடத்திலும் அவள் புறா ஒன்று உண்டு. ஆற்றில் வெள்ளம் மிகுந்து தூதர் வரத் தாமதமாகும் என்பதால், எழுத்தைச் சிறிதாக்கி, நறுக்குகளாகச் சுருட்டி, இவ்வோலையை அதன் காலிலேயே கட்டியிருக்கிறோம். அது நீர் பூட்டிய கூட்டின் கூரையில் வந்து அமரும். காலில் அரச இலச்சினையை நீர் காண்பீர். ஆயினும் எவர் அழைத்தாலும் இறங்காது. கூட்டைத் திறந்தாலன்றி இவ்வோலை உம் கைக்கு வராது. ஆகவே, இதைப் படிக்கும் நீர் ஆணையின் முற்பகுதியை முன்பே நிறைவேற்றிவிட்டீர். கதவை மீண்டும் சாத்தாதிருப்பதே எஞ்சியது.

தாழைமடல் இலச்சினை இட்டோம். இது கோப்பெருந்தேவியார் ஆணை. வந்த பறவைக்குத் தினை இடுக.