நீல அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்

வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே ஹாரன் அடித்து அம்மாவைத் தேநீர் போட வைக்கும் என் செல்ல அப்பாவுக்கு,

நேற்று காலை ஜொகூர் பாருவுக்குப் போய் என் நீல அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மலேசியக் குடியுரிமை வேண்டாம் என்று எழுதியும் கொடுத்தாயிற்று. சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கிளம்புவதற்கு முன் அம்மாவிடம் கேட்டேன். "அப்பா இருந்தா என்னம்மா சொல்லியிருப்பாங்க?"

அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டே, "என்கிட்ட கேக்காத. அவருகிட்டயே கேட்டுக்க" என்றார்.

கேட்கத்தான் எழுதுகிறேன். ஆனால் காரியத்தை முடித்துவிட்டு அல்லவா கேட்கிறேன்? அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இதை மற்றவர்களும் படிப்பார்கள் அப்பா. உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இந்த ஜொகூரில்தான் பிறந்தீர்கள். பிறந்ததை யாரும் பதியவில்லை. அதனால் உங்களுக்குக் கிடைத்தது சிவப்பு அட்டை. இங்கே இருக்கலாம், உழைக்கலாம், ஓட்டு மட்டும் கிடையாது. பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டினீர்கள். தேர்தல் நாளில் அதே ஆட்களை ஏற்றிப் போய் வாக்குச்சாவடி வாசலில் இறக்கிவிட்டு, வெளியே காத்திருப்பீர்கள். "நீங்க ஏன்பா உள்ள போகல?" என்று கேட்டால், "பஸ்ஸ யாரு பாத்துக்கிறது?" என்பீர்கள். நான் அதை நம்பினேன்.

குடியுரிமை நேர்காணலுக்கு முதன்முறை போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நாள் முழுக்க மலாய் பேசுகிற மனிதர்! ஆனால் அது பஸ் மலாய். "நாயிக் செப்பாட்" என்று ஆட்களைச் சீக்கிரம் ஏறச் சொல்லும் மலாய். அந்தப் பழக்கத்தில் எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரியையும் "லூ" என்று ஒருமையில் அழைத்துவிட்டீர்கள். வீட்டுக்கு வந்து, "போச்சுலா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனீர்கள்.

பிறகு சமையலறை மேசையில் நான் அதிகாரி, நீங்கள் மனுதாரர். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் அதட்டுவேன். "லூ இல்லப்பா, துவான். துவான்னு சொல்லுங்க." நீங்கள் கைகட்டி, "சரிங்க துவான்" என்பீர்கள். சிரித்துச் சிரித்து அம்மாவுக்குப் புரையேறிவிடும்.

நான் வேலைக்குப் போன பிறகுதான் நீல அட்டை உங்கள் கைக்கு வந்தது. சாலையில் போலீஸ் நின்றால், கேட்கும் முன்பே எடுத்து நீட்டுவீர்கள். முதன்முதலாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, விரல் மை அழிந்துவிடும் என்று அந்தக் கையில் சோப்புக்கூடப் போடவில்லை. அப்படி வந்த அட்டை அப்பா அது. அதற்காக உங்களை அதட்டியவள்தான் என்னுடையதைக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் மாப்பிள்ளையின் வேலைக்காக நாங்கள் லக்சம்பர்க் போனபோது வீடியோவில் கேட்டீர்கள், "அந்த ஊர்ல என்ன பாஷமா?" என்று. சட்டம் பிரெஞ்சில், பத்திரிகை பெரும்பாலும் ஜெர்மனில், வீட்டிலும் தெருவிலும் அவர்களுக்கே உரிய லக்சம்பர்க் மொழி என்றேன். "இத்துனூண்டு நாட்டுக்கு மூணா? பஸ் டிரைவர் எதுல பேசுவான்?" அதுதான் உங்கள் கவலை. டிரைவர்களில் நிறையப் பேர் பிரான்ஸ்காரர்கள்தான், பிரெஞ்சுதான் பேசுவார்கள், தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிப் போவார்கள் என்று சொன்னதும், "அட, நம்ம சிங்கப்பூர் பாலம் மாதிரிலா!" என்று உங்களுக்கு அந்த நாடே புரிந்துவிட்டது.

முதியோர் இல்லத்தில் எனக்குத் தாதி வேலை. பிரெஞ்சு தெரிந்தால் கடையில் ரொட்டி வாங்கிவிடலாம். ஆனால் நினைவு தவறிய பாட்டிமார்கள் தங்கள் தாய்மொழியில்தான் அழுவார்கள். அவர்களிடமிருந்துதான் நான் அந்த மொழியைப் பிடித்தேன்.

ஒரு தேர்தல் ஞாயிற்றுக்கிழமை, ஓர் அம்மாளைச் சக்கர நாற்காலியில் வைத்து வாக்குச்சாவடிக்குத் தள்ளிப் போனேன். உள்ளே அவர் மகள் அழைத்துப் போனாள். நான் அவருடைய குளிர்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். திரும்பி வந்தவர், "நீ போடலையா?" என்று கேட்டார். "உங்க கோட்ட யாரு பாத்துக்கிறது?" என்று என் வாயிலிருந்து வந்தது. சொன்ன பிறகுதான் அது யாருடைய பதில் என்று உறைத்தது. கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

அதன் பிறகுதான் அங்கே குடியுரிமைக்கான மொழித் தேர்வு எழுதினேன். வாய்மொழித் தேர்வில் ஒரு படத்தைக் காட்டிப் பேசச் சொன்னார்கள். மழையில் பஸ்ஸுக்காக நிற்கும் கூட்டம். பஸ் தாமதம், எல்லாரும் டிரைவரைத் திட்டப் போகிறார்கள், பாவம் அவர் என்ன செய்வார் என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். தேறிவிட்டேன். அந்த நாடு இரண்டு குடியுரிமையையும் வைத்துக்கொள்ள விடும். நம் நாடு விடாது. ஒன்றை விட வேண்டியிருந்தது.

நேற்று முகப்பில் இருந்தது என் வயதுப் பெண். தலையில் தூடோங் முக்காடு அணிந்து சாந்தமாக இருந்தார். காரணம் கேட்டார். பையன் அங்கே பிறந்து வளர்கிறான், வேலை அங்கே என்று மலாயில் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பாகுஸ் மலாயு அக்கா" என்றார். அக்காவுடைய மலாய் நல்லா இருக்கு. அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு உட்கார்ந்திருந்த நாற்காலியே சுட்டது. உங்களுக்குக் கிடைக்காத பாராட்டு, கொடுத்துவிட்டுப் போக வந்தவளுக்குக் கிடைக்கிறது.

நீங்கள் போன அன்று உங்கள் அட்டையையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். அம்மா ஒரு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்துவிட்டுத்தான் கொடுத்தார். செத்த பிறகுதான் உங்களிடமிருந்து அது போனது. நான் உயிரோடு இருக்கும்போதே நீட்டிவிட்டேன்.

நீங்கள் வாசலில் நின்றதுபோல் நானும் ஆயுள் முழுக்க நிற்க வேண்டும் என்று சொல்லியிருப்பீர்களா? மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதை நீங்கள் வாயால் சொல்லிக் கேட்கவில்லையே.

ஓட்டுப் போடத் தவறமாட்டேன் என்று சத்தியம் செய்யலாம். அங்கே அது கட்டாயம், சத்தியத்துக்கு மதிப்பில்லை என்று சிரிப்பீர்கள். வேறொன்று சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் உங்கள் நினைவு நாளுக்கு வருவேன். வெளிநாட்டார் வரிசையில் முனகாமல் நிற்பேன். எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால் சுற்றிப் பார்க்க என்று சொல்லமாட்டேன். மேசையில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே மரியாதையோடு, "பாலேக் ரூமா பாப்பா, துவான்" என்பேன். அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறேன் ஐயா.

உங்களை அதட்டிய அதிகாரி,
உங்கள் மூத்த மகள் தேவி