நானூற்றைம்பது வோல்ட்

ஜூன் 4, செவ்வாய்

மேல் வீட்டு பரத்வாஜின் வால்வு ஆம்ப்ளிஃபயர் என் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது. பாட்டுக்குப் பின்னால் உறுமுகிறதாம். ஐம்பத்து மூன்று வயதில் மற்ற மாமிகள் காசிக்குப் போகிறார்கள். நான் சால்டரிங் அயர்னோடு மாரடிக்கிறேன்.

ஆம்ப் உண்மையில் அவன் மனைவி ஹம்சாவின் அப்பாவுடையது, கல்யாணத்தோடு வந்த சாமான். அவன் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினால் அவளுக்கு அடி விழுகிறது. இது இந்த மந்தைவெளிக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். ஊர் வம்பையெல்லாம் எழுதிப் பத்திரிகையில் பேர் வாங்கியவள், இதை மட்டும் நான் வாய் திறந்து பேசியதில்லை.

ஜூன் 6, வியாழன்

திறந்தேன். பெரிய கப்பாசிட்டர் இரண்டும் தலை வீங்கிக் கிடக்கின்றன. 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட். கப்பாசிட்டர் மின்சாரத்தைத் தேக்கும் குடம்; முதல் எண், குடம் எவ்வளவு கொள்ளும் என்பது. இரண்டாவது, குடத்தின் சுவர் எவ்வளவு தாங்கும் என்பது. அதில் மட்டும் குறைக்கவே கூடாது.

நேற்று சாயங்காலம் மேலே பளாரென்று ஓர் அறை விழுந்தது. பிறகு ஏதோ சுவரில் மோதியது. பாட்டு இல்லாததால் தெளிவாகக் கேட்டது. நான் படியேறி இருமினேன். நின்றுவிட்டது. சத்தத்தை மறைக்கப் பாட்டு என்ற திரை இல்லாமல் அவனுக்கு ஆட வராதோ? அப்படியென்றால் நான் எதற்கு இதைச் சரிசெய்ய வேண்டும்?

ஜூன் 9, ஞாயிறு

ஹம்சாவைப் படியில் பார்த்தேன். கதவில் இடித்துக்கொண்டாளாம். அந்தக் கதவுக்கு ஐந்து விரல்.

ஜூன் 11, செவ்வாய்

சரியான கப்பாசிட்டர் கிடைக்கவில்லை என்று அவனிடம் சொன்னேன். என் டப்பாவில் நான்கு இருக்கின்றன.

ஜூன் 14, வெள்ளி

அவனே ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய் வாங்கி வந்துவிட்டான். பழையதன் பருமனுக்குப் பருமன் பார்த்து! 250 வோல்ட்.

"உள்ளே முந்நூற்றைம்பது ஓடறதுப்பா. வெடிச்சுடும்," என்றேன்.

"நானூற்றைம்பதுன்னு சுண்டுவிரல் சைஸுக்கு ஒண்ணைக் காட்டினான். ஏமாறுவேனா? இதைப் பாருங்கோ, எவ்ளோ தடிமன். நீங்க ஜோக் எழுதறதோட நிறுத்திக்கோங்கோ மாமி."

இப்போதெல்லாம் நல்லது சின்னதாகத்தான் வருகிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் கொடுத்ததையே போட்டேன். புது ஃப்யூஸ். கீழ்த்தகட்டின் நான்கு திருகையும் இறுக்கினேன் — எது நடந்தாலும் பெட்டிக்குள் நடக்கட்டும். ஓட்டிப் பார்க்கட்டுமா என்றதற்கு, வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டு போனான்.

நான் செய்தது என்ன? ரிப்பேரா, வேறு ஏதாவதா?

ஜூன் 16, ஞாயிறு

காலையில் மேலே பாட்டு உச்சத்தில். கையில் இடுக்கியோடு நின்றேன். என்ன செய்ய? என்னத்தைச் செய்ய?

டமார்.

பாட்டு அறுந்தது. அந்த நிசப்தத்தில் பெல்ட் விழுந்ததும் ஹம்சா அலறியதும் கட்டடம் முழுக்கக் கேட்டது. பாட்டு நின்றும் அவன் கை நிற்கவில்லை. நான் போட்ட கணக்கு தப்பு. ஓடினேன்.

கீழ் வீட்டு ஜவஹர் சாருக்கு மீன் கொடுத்துக்கொண்டிருந்த மீன்காரி லூர்துமேரி, கூடையோடு எனக்கு முன்னால் ஏறினாள். "இன்னா மாமி, மேல கொலை வுழுது, நீ ஆடி அசைஞ்சி வந்துகினு கீற?"

அவள் உதைத்த உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. குடும்ப விஷயம் என்று பரத்வாஜ் ஆரம்பித்தான். வாக்கியம் முடிவதற்குள் அலுமினியக் கூடையால் முகத்தில் ஒன்று வைத்தாள். உதடு கிழிந்தது. தரையெல்லாம் சங்கரா மீன், அதன்மேல் அவன் ரத்தம். லூர்துமேரியை அடிக்க அவன் பெல்ட்டை ஓங்கியபோது, இடுக்கியால் அவன் மணிக்கட்டில் போட்டேன். எலும்பில் பட்ட சத்தம். அது எனக்குப் பிடித்திருந்தது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

ஹம்சா மூலையில் உட்கார்ந்திருந்தாள். இடது காதிலிருந்து ரத்தம். ஜவஹர் சார் போலீசுக்குப் போன் செய்தார்.

ஜூன் 17, திங்கள்

ஹம்சாவுக்குச் செவிப்பறை கிழிந்திருக்கிறது. புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். படிக்கட்டில் மீன் வாசனை போகவே இல்லை. ஐயர் வீடு எதிலிருந்தும் அதைப் பற்றி ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

பரத்வாஜ் கோபாலபுரத்தில் அம்மா வீட்டில். இந்தப் பக்கம் வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு.

ஹம்சா ஆம்பைத் தூக்கிக்கொண்டு தானே இறங்கி வந்தாள். அந்தக் காது சரியாகிவருகிறதாம். டப்பாவிலிருந்து சுண்டுவிரல் அளவு கப்பாசிட்டர் இரண்டை எடுத்துக் காட்டினேன்.

"இவ்வளவு சின்னதா தாங்கும்?"

"தாங்கும்டி."

இப்போது மேலே பாட்டு மெதுவாக ஓடுகிறது. உறுமல் இல்லை. நடுவில் அவள் தும்மியதுகூடக் கீழே கேட்டது.