கருகிய ரைஸ் குக்கர்

ஜூன் 14, ஃப்ளாரன்ஸ்

ஃப்ரீமான்ட்டிலிருந்து தூக்கிவந்த ரைஸ் குக்கரை இந்த மலிவு ஹோட்டல் அறையில் நான்தான் சொருகினேன். அது அமெரிக்க வோல்டேஜுக்குச் செய்தது; இங்கே இத்தாலியிலோ அதைப்போல இரண்டு மடங்கு. டப்பென்று கருகி, மாடி முழுக்க இருட்டாகிவிட்டது. இதில் நான் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர் வேறு!

டார்ச்சோடு வந்த ஹோட்டல்காரப் பெண்மணி எங்களைக் காலி பண்ணச் சொல்வாள் என்றே பயந்தேன். அம்மா இரண்டு நாளாக வெறும் பிரெட்தான் சாப்பிடுகிறாள் என்று சொன்னேன். அந்தப் பெண்மணியோ ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளாமல், ஊறிய அரிசியைத் தன் சமையலறைக்கு எடுத்துப்போய், ஆவி பறக்கச் சோறாகக் கொண்டுவந்தாள். என்ன மனுஷி!

ஊரில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஏதாவது சமைத்துக் கொடுத்தால்கூட, "இந்தப் பாத்திரத்துல முட்டை வெந்துதா?" என்று கேட்கிற அம்மா, தயிர் விட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கேட்டாள்:

"இன்னும் கொஞ்சம் இருக்கான்னு கேளுடி."