நம் தெருவில் மட்டும் கேட்காத அறிவிப்பு

என்னங்க,

மூன்று மணி பஸ்ஸில் கிளம்புகிறேன். நாளை மலைப்பாதையை மூடிவிடுவார்கள். பனிக்காலம் முடியும்வரை கீழே ஆஸ்பத்திரியில்தான் எனக்கு டூட்டி. போகாதே என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு நாளாக வேறு எந்த வார்த்தையும் சொல்லவில்லை.

சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். சாவி தையல்கார அக்காவிடம். குப்பை வண்டி இனி வியாழக்கிழமை மட்டும்தான் வரும். ராத்திரி குழாயை லேசாகச் சொட்டவிடுங்கள். ஊருக்கெல்லாம் மைக்கில் இதைச் சொல்கிறவர் வீட்டில்தான் போன வருஷம் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்தது. ஊருக்குத்தான் உபதேசம்!

காலையில் நகராட்சி வண்டியில் உங்கள் குரல் மேல்தெரு, சந்தைத்தெரு எல்லாம் சுற்றியது. "கடைசி பஸ் மூணு மணிக்கு, தவற விட்டுடாதீங்க." நம் தெருமுனைக்கு வந்ததும் மைக் அணைந்துவிட்டது. வண்டி மட்டும் மெதுவாக நம் வாசலைத் தாண்டிப் போனது.

"என்னடி, உன் வீட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்று அக்கா கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. பஸ் நேரத்தை வீடு வீடாகப் போய் நான்தான் சொல்லிவிட்டு வந்தேன். 

உங்கள் மஃப்ளரை எடுத்துக்கொண்டேன், தேடாதீர்கள். என்னுடையது கொடியில் கிடக்கிறது, கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பாதை திறக்கிற அன்றைக்கு ஊருக்கெல்லாம் மைக்கில் சொல்வீர்கள். அதற்கு முன்னால் போனில் என்னைக் கூப்பிட்டு, "வா" என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள்.