எலிவளையில் நாலு மரக்கால்

2-2-1968, வெள்ளி

பேனாவுக்கு நிப்பு மாற்றினேன். வேறு விசேஷமில்லை என்று எழுதி மூடியிருப்பேன். நாலு மணிக்கு மிராசுதார் பஞ்சநதத்தின் ஆட்கள் அறுப்புக் கூலிக்காரி பூவம்மாளை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அறுப்பு முடிந்த வயலின் வரப்பில் எலிவளையை வெட்டி, எலி சேர்த்து வைத்திருந்த நெல்லை எடுத்தாளாம். நாலு மரக்கால். திருட்டாம். நானே போய்ப் பார்த்தேன். வரப்பில் முழங்கை ஆழத்துக்குக் குழி இருந்தது.

அறுப்புக்குப் பிறகு வளை வெட்டாத கூலிக் குடும்பம் இந்தப் பக்கத்தில் உண்டா? போன வருஷம் எலி ஒழியட்டும் என்று இவர்களைக் கூப்பிட்டு மண்வெட்டி கொடுத்தவரே பஞ்சநதம்தான். இந்த வருஷம் அறுப்புக் கூலியில் அரை மரக்கால் கூட்டிக் கொடு என்று பெண்களைத் திரட்டிக்கொண்டு அவர் களத்தில் உட்கார்ந்தாள் பூவம்மாள். வேறென்ன மாறிவிட்டது?

எஸ்.ஐ. வைத்தியலிங்கம் பக்கத்தில் வந்து நின்றார். "வளைன்னு எழுதாதீங்க ஏட்டு, கோர்ட்ல சிரிப்பாங்க. களத்துலேருந்து எடுத்தாள்னு போடுங்க."

போட்டேன். பதினோரு வருஷமாக இந்த ஸ்டேஷனுக்கு எழுதுகிறவன் நான்தான். கை பழக்கத்தில் ஓடிவிட்டது. பூவம்மாள் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"களமா? ஏட்டய்யா, நீங்கதான வந்து குழியப் பாத்தீங்க?"

நான் தாளை மடித்து வைத்தேன்.

3-2-1968

பூவம்மாளை ரிமாண்டுக்கு அனுப்பினார்கள்; அதற்கான காகிதத்தையும் நான்தான் எழுதினேன்.

9-2-1968

ஜாமீனுக்கு ஆள் கிடைத்து, பிடித்து ஏழு நாள் கழித்து இன்று பூவம்மாள் வெளியே வந்தாள். முதுகில் கன்றிப்போன தடம் இன்னும் இருக்கிறது. பிடித்த அன்று பஞ்சநதத்தின் ஆள் மண்வெட்டிக் காம்பால் அடித்தது. நெல்லெடுத்ததற்கு முன்னூற்று எழுபத்தொன்பதாம் பிரிவு போட்டோம். இந்த அடிக்கு? ஒன்றுமே போடவில்லை. அவளும் சொன்னாள், நானும் கேட்டேன், எழுதவில்லை. எழுதாததால் அது குற்றமில்லை என்று ஆகிவிட்டது. குற்றம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் பேனாவிலல்லவா இருந்திருக்கிறது! வெட்கமாக இருக்கிறது.

16-4-1968

நாளைக்குக் கோர்ட்டில் என் சாட்சி. வைத்தியலிங்கம் சொன்னார்: "எழுதினத அப்படியே சொல்லுங்க, போதும். லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்." எஸ்.ஐ. பதவி உயர்வுப் பட்டியலைத்தான் சொல்கிறார்.

வீட்டில் மனைவி நாகரத்தினத்திடம் விஷயத்தைச் சொன்னேன். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன்.

"ஏங்க, நீங்க எழுதினது பொய்யா?"

"ஆமா."

"அப்ப நாளைக்கும் அதையேதான் சொல்லப் போறீங்களா?"

இல்லை. மாட்டேன். வேலை போனால் போகட்டும். அந்தப் பொம்பள ஜெயிலுக்குப் போவா, நான் தோள்ல நட்சத்திரம் குத்திக்கிட்டுத் திரியணுமா?

17-4-1968

நெல்லை எங்கிருந்து எடுத்தாள் என்று அரசு வக்கீல் கேட்டார்.

"எலிவளையிலேருந்துங்க. களம்னு நான் எழுதினது பொய்."

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஏன் அப்படி எழுதினீர் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். "எழுதச் சொன்னாங்க, எழுதினேன். தப்பு என்னுதுதாங்க" என்றேன். குரல் நடுங்கவில்லை, அந்தமட்டும் சந்தோஷம்.

24-4-1968

பூவம்மாள் விடுதலை. எனக்கு மெமோ.

6-5-1968, திங்கள்

ஏட்டுப் பதவி போயிற்று. நாளை முதல் கடலோர ஸ்டேஷன் ஒன்றில் சாதாரணக் கான்ஸ்டபிள். குத்தாலம் வழியாக அங்கே போகிற பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நாகரத்தினம் இரண்டு முறை ஆளனுப்பிவிட்டாள். ஒரே ஒரு வேலை பாக்கி. பிடித்த நெல்லைப் பூவம்மாளிடமே ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது.

மூட்டையை எடுத்து வைத்தேன். பதிவேட்டைப் பிரித்து, அவள் கட்டைவிரலில் மை தடவப் போனபோதுதான் தலைப்பைப் பார்த்தேன். 'பெற்றுக்கொண்ட குற்றவாளியின் கைரேகை.' அச்சடித்ததில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானே கோடு போட்டு, நானே அழகாக எழுதியது. பின்னால் புரட்டினேன். விடுதலையானவர்கள், வழக்கே இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், எல்லாரும் பொருளை வாங்கிக்கொண்டு அந்தத் தலைப்பின் கீழேதான் ரேகை வைத்திருக்கிறார்கள். ஒருவரிடமும் நான் படித்துக் காட்டவில்லை.

"என்னங்க, நெல்லு குறையுதா?" என்றாள் பூவம்மாள்.

"நெல்லு சரியா இருக்கு. கொஞ்சம் இருங்க."

'குற்றவாளியின்' என்ற வார்த்தையை அடித்தேன். மேலே 'உடையவரின்' என்று எழுதினேன். அவளிடம் படித்துக் காட்டினேன். ரேகை வைத்தாள். மூட்டையைத் தலையில் தூக்கிவிட்டேன்.

பழைய பக்கங்களுக்கும் போய் ஒவ்வொன்றாக அடித்தேன். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் ஆறு மணிக்கு. இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது.