தண்ணீர் எடுத்துப் பார்த்த வாரம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை: இவர் உடுத்தச் சாரம் மூன்று, கட்டிலில் விரிக்க ரப்பர் சீட், பிளாஸ்க். இவருடைய செருப்பை மறந்துவிட்டேன்.

முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். மூளைக்குள் தேங்கியிருப்பதும் இதே தண்ணீர்தான். எடுத்ததும் நடை சீராகினால், தலையில் குழாய் வைத்து நிரந்தரமாக வடிய விடலாமாம். கொழும்பு ஸ்கேன் முடிவும் வர வேண்டும். தலையை மெல்ல அதிர வைத்து மூளையின் இறுக்கத்தைப் பார்க்கிற ஸ்கேன்.

பின்னேரம் நடந்தார். ஒரு வருடமாகச் சேற்றில் புதைந்ததுபோல இழுபட்ட கால்கள், நிலத்தை விட்டு எழும்பின. கழிப்பறைக்குத் தானே போய் வந்தார். பக்கத்துக் கட்டில் ஐயா: “தங்கச்சி, எனக்கும் அந்தத் தண்ணிய எடுக்கச் சொல்லுங்களன்.” இவர் சிரித்தார். நானும்.

நவ. 5, புதன்

இவருடைய அக்கா கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்தா, தம்பி நடப்பதைப் பார்க்க. கால்கள் விடியவே பழையபடி நிலத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டன.

“நடக்கிறான் எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டன். இப்ப என்னகா இது?”

நான்தான் கெடுத்தேன் என்பதுபோல.

“நேத்து நடந்தவர், மச்சாள்.” எனக்கே நம்பும்படியாக இல்லை.

இட்டலி வாங்கினேன். இருவரும் சாப்பிடவில்லை. நனைந்த சாரம் மாற்றியது இரண்டு தரம்.

நவ. 6, வியாழன்

குழாய் வைக்கப்போவதில்லை. ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. இவர் பக்கத்தில் இருக்கவே டாக்டர் சொன்னார்: “மூளை இறுகிப்போச்சு அம்மா. தண்ணிய எடுத்தாலும் பழையபடி விரியாது. ஒரு பின்னேரத்த நம்பி, இந்தப் பலவீனமான இதயத்தோட மயக்கமருந்து குடுக்க ஏலாது.”

“வேற ஒண்டும்?”

“விழாமப் பாத்துக்கொள்ளுங்க.”

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி.

கம்பஸில் தாவரவியல் படித்தவள் நான். இளந்தண்டு மரமாக இறுகுவதைப் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். திரும்ப இளந்தண்டாவதற்குப் படம் இல்லை.

ஓட்டோவில் வீடு திரும்பினோம். டாக்டர் சொன்னது இவருக்கு விளங்கியதா, தெரியாது. நான் கேட்கவில்லை. பாலத்தில் நல்ல காற்று. வாவியில் வெள்ளம் ஏறியிருக்கிறது.

நவ. 7, வெள்ளி

கொஞ்சம் வெயில். ரப்பர் சீட்டைக் கழுவிப் போட்டேன். கிணற்றடியில் கதிரையில் இருத்தி இவரைக் குளிப்பாட்டினேன். தலை துவட்டும்போது விரல்களை ஊன்றிப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. எல்லார் தலையும் போலத்தான்.

“என்ன தேடுற?”

“பேன்.”

தானும் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு: “ஒப்பரேசன் இல்லையெண்டா முடி வழிக்கத் தேவையில்லத்தானே.”

துவட்டிக்கொண்டே இருந்தேன்.